தொட்டிக்கு நிற்க ஓர் ஆள்

யாத்விகாவின் பீரைக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொன்னவர்களை அவள் மதித்ததே இல்லை. "நல்லா இருக்குன்னு சாவு வீட்டு சூப்பைக்கூடத்தான் சொல்றாங்க" என்பாள். குடித்தவன் கோப்பையைக் கீழே வைக்காமல், வாயைத் துடைக்காமல், பக்கத்தில் இருப்பவனோடு ஏதாவது ஒன்றைப் பற்றிச் சண்டையைத் தொடங்க வேண்டும். அதுதான் அவள் கணக்கில் பாராட்டு. பெலேதிஷ்கெய் கிராமத்தில் அவளுக்குப் பாராட்டுப் பஞ்சம் வந்ததில்லை.

எங்கள் ஊரில் இரண்டு நாரைக்கூடு, ஒரு தேவாலயம், ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. பஸ் மட்டும் கிடையாது. பிர்ஜெய் பட்டணத்துக்குப் போக வேண்டுமானால் யாராவது காரை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் காரை எடுப்பதோ யாத்விகாவின் பீப்பாய்களை ஏற்றத்தான். ஆகவே ஊர்ப் போக்குவரத்து முழுவதும் அவள் கொட்டகையை நம்பித்தான் நடந்தது என்று சொன்னால் மிகையில்லை. அரசாங்கம் இதற்காக அவளுக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம். கொடுத்தது சுகாதார ஆய்வாளரை.

அந்த ஆய்வாளர் வந்த கதையை ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. தனி வியாபாரம் கூடாதென்ற கூட்டுப்பண்ணைக் காலத்தில் ஒளித்து வடித்ததை, காலம் மாறியதும், கதவைத் திறந்து வைத்து வடிக்க உரிமம் கேட்டாள் யாத்விகா. வந்த மனிதர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கைகழுவும் தொட்டி மூன்று இடத்தில் வேண்டும் என்றார். வைத்தாள். அடுத்த முறை அவர் வந்தபோது வாசலில் மறித்துக்கொண்டாள்.

"ஐயா, கை."

கழுவினார். நாலடி நடந்தார்.

"ஐயா, கை."

"இப்பத்தானே கழுவினேன்!"

"அது அந்தத் தொட்டிக்கு. இது இந்தத் தொட்டிக்கு. நீங்க சொன்ன சட்டம்தானே, நான் மீறலாமா?"

மூன்றாவது தொட்டியருகே அந்த மனிதர், துண்டைக்கூட வாங்காமல், ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டார். உரிமத் தாளில் மை கலங்கிய அந்த இடம் இப்போதும் தெரியும். யாத்விகா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள்.

அவள் பீர் வடிக்கும் விதம் எங்கள் பக்கத்து விதம்தான். முளைவிட்ட பார்லியைக் குழைத்து, ரொட்டி அடுப்பில் மேலே கருகும்வரை சுட்டு, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, வைக்கோல் வழியாக மரத் தொட்டிக்குள் வடிகட்டுவது. வடித்த சாற்றைக் கொதிக்க விடுவதில்லை. ஆறியதும் ஈஸ்ட் விடவேண்டும். அந்த ஈஸ்ட் கிணற்றுக்குள் ஜாடியில் தொங்கும். இந்த இடம்வரை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஈஸ்ட் விடும் நேரத்தில்தான் பெலேதிஷ்கெய் தனி ஊராகிறது.

எங்கள் ஊரில் சும்மா ஈஸ்ட் விட முடியாது. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்க வேண்டும். தொப்பியைக் கழற்றி, விளிம்பில் கையை வைத்து, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வடிப்பவர் ஈஸ்டை ஊற்றிக்கொண்டே அந்த ஆளை அடிவயிற்றிலிருந்து திட்ட வேண்டும். மரியாதையாக ஊற்றிய ஈஸ்ட் தூங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. திட்டியது கொட்டகைக்குள்ளேயே நின்றுவிடும். உள்ளே இருந்தவர்கள் வெளியே சொல்லக் கூடாது. நின்றவன் மனசில் வைத்துக்கொள்ளவும் கூடாது. அதற்குப் பதிலாக அந்தத் தொட்டியின் முதல் கோப்பை அவனுக்கு, இலவசமாக. ஆனால் தொட்டிக்கு நின்றவனுக்கு அந்தத் தொட்டியில் வியாபாரம் கிடையாது. வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பிர்ஜெய் மதுக்கடைக்காரர் ஒருமுறை வேடிக்கைக்காக நின்றுவிட்டு, அந்தக் கோடை முழுவதும் பீர் வாங்க முடியாமல் தன் மச்சானை அனுப்பினார். மச்சான் வழியில் குடித்துவிட்டு மீதியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அதற்குப் பிறகு எந்த வியாபாரியும் தொட்டிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

யாத்விகாவுக்கு நின்றது அவள் கணவன் க்ளியோபஸ். நிற்பதற்கென்றே பிறந்த ஆள். அவள் திட்டும்போது வானொலியில் மழைச் செய்தி கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பான். முடிந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "'குளிச்ச பன்னி'ங்கறது போன தடவையே வந்திடுச்சு. அந்த அடைப்புக்கதவுச் சமாச்சாரம் புதுசு. நல்லா இருந்துச்சு" என்பான். திட்டை விமர்சனம் செய்யும் உரிமையை ஊரில் அவனுக்கு மட்டுமே அவள் கொடுத்திருந்தாள்.

போன வருஷம் ஆப்பிள் பூத்த சமயம், மழைக்கு முன்னால் கொட்டகைக் கூரையின் ஓடுகளைச் சரிசெய்துவிடுகிறேன் என்று ஏறினான். ஓடு ஈரம், ஏறாதே என்றாள். ரெண்டே நிமிஷம் என்றான். இறங்கியது வேறு விதமாக.

அடக்கத்தில் எல்லோரும் யாத்விகாவுக்குப் புத்தி சொன்னார்கள். பாதிரியார், கடவுள்மேல் கோபப்படாதே என்றார். அவள் தங்கை பனேவெஜிஸ் நகரிலிருந்து வந்து, இனிமேலாவது அந்த வாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள், ஊர் பார்க்கும் என்றாள். யாத்விகாவும், யார் செய்த பாவமோ, கேட்டுக்கொண்டாள். தெருவில் போகிறவர்களுக்கு வணக்கம் சொன்னாள். தன் முட்டைக்கோஸை மேய்ந்த ஆட்டை "போ, போ" என்று தடவிக்கொடுத்து அனுப்பினாள். அன்று இரவு பல வீடுகளில் தூக்கம் போயிற்று.

பீருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. முதல் தொட்டி நுரைத்து எழும்பவே இல்லை. அடுத்ததும் அப்படியே. பிர்ஜெய் கடைக்காரர் பீப்பாய்களைத் திருப்பி அனுப்பினார். கூடவே, "இது பீர் இல்ல, ஆறிப்போன காளான் சூப்பு" என்று சொல்லியும் அனுப்பினார். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவனை அவள் பழைய யாத்விகாவாக இருந்திருந்தால் காரோடு சேர்த்துத் திருப்பி அனுப்பியிருப்பாள். இப்போதோ, "சரிதான், மன்னிச்சுக்கச் சொல்லு" என்றாள்.

ஊர் சும்மா இருக்குமா? ஒவ்வொருவராகத் தொட்டிக்கு நிற்க வந்தார்கள். பக்கத்து வீட்டு ஸெனோனஸ் பரம்பரைப் பகைவன். வேலிச் சண்டை அவன் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. அவனே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஈஸ்ட் விடும்முன், கோபத்துக்கு உதவியாக இருக்கட்டுமென்று, வாயை மூட வேண்டிய நேரத்தில் திறந்தான்.

"யாத்விகா, உன் வேலிப் பலகையைத் திருடினது நான்தான்."

"தெரியும் ஸெனோனஸ். பழைய பலகைதானே."

"கோழி?"

"அதுவும் தெரியும்."

"உன் கல்யாணத்தன்னிக்கு க்ளியோபஸ்கிட்ட, இவ வேணாண்டா, வேற பாருன்னு சொன்னேன்."

"அவர் நல்லதுக்குத்தானே சொன்னே" என்று ஈஸ்டை ஊற்றினாள்.

ஸெனோனஸ் வெளியே வந்து வேலியில் உட்கார்ந்துகொண்டு அழுதான். "என்னைப் போய் நல்லவன்னு சொல்லிட்டாடா" என்றான். அந்தத் தொட்டியும் தூங்கியது.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பெரிய பீர்க் கம்பெனி வந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் அதன் பெயர் போட்ட மதுக்கடைக் குடைக்குக் கீழேதான் உட்கார்கிறோம். சின்னச் சின்ன வடிப்பகங்களை வாங்கி, பெயரை வைத்துக்கொண்டு மற்றதை மூடிவிடுவது அதன் பொழுதுபோக்கு. அனுப்பிய ஆள் ரிம்காவ்தஸ். வேறு யாருமில்லை, தேவாலயத்துக்குப் பின்னால் குடியிருக்கும் ப்ரன்சிஷ்காவின் மகன். பள்ளி முடித்ததும் தலைநகர் வில்னியஸுக்குப் போனவன், பழுப்பு நிறச் செருப்பும் மணக்கும் கழுத்துமாகத் திரும்பி வந்தான். மேசைமேல் ஒரு படத்தை விரித்தான். புட்டியில் ஒட்டப்போகும் சீட்டு. அதில் நரைத்த தாடியோடு ஒரு கிழவன், கையில் கோப்பை.

"இந்தக் கிழவன் யாரு?" என்றாள் யாத்விகா.

"அது பாரம்பரியம் அத்தை."

"என் கொட்டகையில இந்த ஆளை நான் பார்த்ததே இல்லையே."

"கற்பனைதான் அத்தை. ஜனங்களுக்குத் தாடி பிடிக்குது. கேட்டுப் பார்த்திருக்கோம்."

"தொட்டிக்குள்ள விழுந்தா யாரு எடுக்கறது?"

"அத்தை, படந்தானே."

"சரி, இதுல நான் எங்க?"

"நீங்க இல்லாமலா! சனி ஞாயிறு நீங்க வாசல்ல நிக்கறீங்க. நம்ம ஊர்ப் பாவாடை, ஜாக்கெட்டெல்லாம் கம்பெனியே தைச்சுக் கொடுக்கும். வர்றவங்களுக்குக் கையாட்டினாப் போதும்."

"யாரு வருவா?"

"பஸ்ல வருவாங்க அத்தை."

"பஸ் விடுங்கன்னு இந்த ஊரு எத்தனை மனு போட்டிருக்கு. கையாட்ட ஆள் கிடைச்சதும் வருதா?"

அவள் குரலில் பழைய நெருப்பின் வாசனை லேசாக அடித்ததாக ப்ரன்சிஷ்கா பிறகு சொன்னாள். ஆனால் உடனே அணைந்துவிட்டது. ஈஸ்டைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், பீரைக் கொதிக்கவைத்து, தூங்கினால் காஸ் அடித்து எழுப்பிக்கொள்ளும் என்றெல்லாம் ரிம்காவ்தஸ் விளக்கியபோது, யாத்விகா கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பி வந்த பீப்பாய்கள் முற்றத்தில் உருண்டு கிடந்தன. கடைசியில் சொன்னாள்:

"க்ளியோபஸுக்கு வருஷாந்திரம் வருது. அதுக்கு ஒரு தொட்டி வடிக்கறேன். எழும்பலேன்னா வந்தவங்களுக்கு உன் கம்பெனி பீரை ஊத்திட்டு, அன்னிக்கே கையெழுத்துப் போடறேன். எழும்பினா, நீ இந்தப் படத்தைச் சுருட்டிக்கிட்டுப் போ."

க்ளியோபஸ் நினைவுக்குக் கம்பெனி பீர்! ஊரில் சில ஆண்கள் அன்றே சாப்பிடவில்லை.

ஈஸ்ட் விடும் நாளன்று மத்தியானமே கொட்டகை வாசலில் ஆப்பிள் மரத்தடியில் ஊர் கூடிவிட்டது. நிற்பதற்கு மறுபடி ஸெனோனஸ்தான் ஒப்புக்கொண்டிருந்தான். இந்த முறை சில புதிய பாவங்களைத் தயாரித்துக்கொண்டு வந்திருப்பதாகவும், ஒன்றிரண்டை நேற்றுத்தான் செய்ததாகவும் சொன்னான். அவன் உள்ளே போனபோது ரிம்காவ்தஸ் ஏற்கெனவே அங்கே இருந்தான். கையில் ஃபோன். கடைசி வடிப்பு என்று படம்பிடித்து விளம்பரத்தில் போடக் கம்பெனி கேட்டிருந்ததாம்.

உள்ளே நடந்ததை உள்ளே இருந்தவர்கள் சொல்லக் கூடாது. ஆனால் நாங்கள் வெளியே இருந்தோம். கொட்டகைப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி உண்டு. வெளியே இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நல்ல படம் கிடைக்க ரிம்காவ்தஸ் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனான். வெளிச்சத்துக்குத் தடையாக இருக்கிறதென்று தொப்பியைக் கழற்றினான். பிடிமானத்துக்கு இடதுகையை விளிம்பில் வைத்தான்.

இந்த ஊரில் பிறந்தவன் செய்யக்கூடிய காரியமா? இந்த ஊரில் பிறந்து, மறந்தவன் மட்டும்தான் செய்வான். என் பக்கத்தில் நின்ற ப்ரன்சிஷ்கா "டே..." என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குப் பின்னால் சிரித்தது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"அத்தை, கொஞ்சம் சோகமாப் பாருங்க" என்றான் ரிம்காவ்தஸ். "கடைசித் தடவை இல்லையா? கண்ணுல லேசா ஈரம் இருந்தா நல்லா வரும். மாமாவை நினைச்சுக்கங்க."

ஸெனோனஸ் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே வந்தான். கதவை மெல்லச் சாத்தினான். "இடம் எடுத்தாச்சு" என்றான் எங்களிடம், பரம திருப்தியோடு.

பிறகு யாத்விகா வாயைத் திறந்தாள்.

"சோகமாப் பாக்கணுமா? ஏண்டா, மூக்கொழுகி, ஆப்பிள் திருடப் போய் மரத்துல மாட்டிக்கிட்டுக் கால்சட்டைய நனைச்சவனே, உன்னை இறக்கினது யாரு? உன் பாரம்பரியத் தாடியா? எனக்கு அழச் சொல்லிக் குடுக்கறியா நீ? முப்பது வருஷம் கைவெந்து வடிச்சது நான், படத்துல நிக்கறது எவனோ தாடிக்காரன், வாசல்ல நின்னு கையாட்டறதுக்கு நானா? உன் கம்பெனி மொதலாளியைக் கூட்டிட்டு வாடா, அவன் பாவாடை கட்டிக்கிட்டு நிக்கட்டும், நான் பஸ்ல வந்து பாக்கறேன்! காஸ் அடிச்சு எழுப்புவானாம் காஸ்! செத்த மாட்டுக்கு ஊதி ஊதி நடக்கவைக்கறவனுங்க! என் ஈஸ்ட்டை எடுத்துட்டுப்போய்ப் பெட்டியில வெச்சு மரியாதையாப் பேசுவீங்களோ? அது என்கிட்ட வாங்கினதெல்லாம் மரியாதைன்னு நெனச்சீங்களா?"

மூச்சு வாங்கினாள். ஈஸ்ட் ஊற்றும் சத்தம் கேட்டது. முடிந்தது என்று நினைத்தோம்.

"மாமாவை நினைச்சுக்கணுமாமே! நினைக்கறேண்டா. யோவ் க்ளியோபஸ்! ஏறாதேன்னு சொன்னேனா இல்லையா? ஈரமா இருக்குன்னு சொன்னேனா இல்லையா? எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், அன்னிக்கு மட்டும் வாயத் தொறந்து 'ரெண்டே நிமிஷம்'ங்கற! எங்கய்யா உன் ரெண்டு நிமிஷம்? பாதி ஓட்டைப் போட்டுட்டுப் போயிட்டே, மீதி உன் தலைமாட்டுல ஒழுகட்டும்னு பாத்தா என் தலைமேல ஒழுகுது! ஊரே வந்து எனக்குப் பொறுமை சொல்லுது. உனக்கு ஒருத்தராவது சொன்னாங்களா, பொறுமையா இறங்குன்னு? நீ போயிட்டே, நான் யாரைய்யா திட்டுவேன்? ஆட்டையா? இந்த ஸெனோனஸையா? அவனை நல்லவன்னதுக்கே வேலியில உக்காந்து அழுதான்! உன்னை மாதிரி நிக்க எவன்யா இருக்கான் இந்த ஊர்ல, குளிச்ச பன்னி!"

ஆப்பிள் மரத்தடியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பாதிரியார் தொப்பியைக் கழற்றினார். பிறகு அது தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று அவசரமாகப் போட்டுக்கொண்டார்.

கதவு திறந்தது. ரிம்காவ்தஸ் வந்தான். ஃபோன் கையில் தலைகீழாக இருந்தது. நேராகத் தன் அம்மாவிடம் போனான்.

"அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா கையை எடுத்திருப்பியே" என்றாள் ப்ரன்சிஷ்கா.

மறுநாள் காலையில் நுரை மூடுதுணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மத்தியானத்துக்குள் விளிம்பு வழிந்து, பக்கத்தில் ஆய்வாளருக்காக வைத்த கைகழுவும் தொட்டி ஒன்றை நிரப்பிவிட்டது. இந்த வருஷம் வெயில் அப்படி, அதனால் எழும்பியது என்று சொல்பவர்களும் ஊரில் உண்டு. இருக்கலாம். நுரையோடு நான் வாதாடுவதில்லை.

வருஷாந்திரத்தன்று முற்றத்தில் மேசைகள் போட்டார்கள். வேகவைத்த பட்டாணியும் புகையில் வாட்டிய பன்றிக்காதும் பாலாடைக்கட்டியும் வந்தன. ரிம்காவ்தஸும் வந்தான், அக்குளில் காகிதக் கட்டோடு. முதல் கோப்பையை யாத்விகா அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்தான். கோப்பையைக் கீழே வைக்கவில்லை. வாயைத் துடைக்கவில்லை. ஸெனோனஸ் பக்கம் திரும்பி, "நாரைக்கூட்டுக்கு அந்தக் கம்பத்துல பலகை அடிச்சது யாரு மாமா? காத்துக்கு எதிர்ப்பக்கம்! நாரைக்கு அறிவிருக்கு, உங்களுக்கு இருக்கா?" என்றான்.

ஸெனோனஸ் எழுந்தான். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். க்ளியோபஸ் நினைவுக்கு அதைவிடச் சிறந்த மரியாதை நடந்திருக்க முடியாது.

சண்டை ஓய்ந்ததும் ரிம்காவ்தஸ் காகிதத்தை விரித்தான்.

"அத்தை, பந்தயத்துல நான் தோத்தேன், ஒத்துக்கறேன். ஆனா இப்படி ஒரு பீருக்குக் கம்பெனி விலையை இன்னும் மேலேயே ஏத்தும். படத்தை வேணா மாத்திடலாம். தாடியை எடுத்துடலாம்."

யாத்விகா பட்டாணியை மென்றுகொண்டே ப்ரன்சிஷ்காவைப் பார்த்தாள்.

"உன் பிள்ளைக்கு நீயே சொல்லு."

"டேய், தொட்டிக்கு நின்னவனுக்கு அந்தத் தொட்டியில வியாபாரம் கிடையாதுடா" என்றாள் ப்ரன்சிஷ்கா. "கையை வெச்சே, தொப்பியைக் கழட்டினே, திட்டு விழுந்தப்ப வாயைத் தொறக்கல. முதல் கோப்பையையும் குடிச்சுட்டே. இப்ப நீ வாங்கினா, நாளைக்கு நான் எந்த முகத்தோட தேவாலயத்துக்குப் போறது?"

"அம்மா, இதெல்லாம் சட்டமா?"

"நான் உன் அம்மாடா. சட்டத்துக்கிட்ட போய்த்தான் சோறு கேப்பியா?"

அவன் காகிதத்தைச் சுருட்டினான். "கம்பெனி வேற ஆளை அனுப்பும் அத்தை" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நடக்கும் என்பதால் சொன்னான்.

யாத்விகாவின் முகத்தில், ஒரு வருஷத்துக்குப் பிறகு, எங்களுக்குத் தெரிந்த அந்தப் பழைய வெளிச்சம் வந்தது.

"அனுப்பட்டும்டா! வர்றவன் தொட்டியைப் பாக்காமலா தொட்டியை வாங்குவான்? எனக்கும் அடுத்த தொட்டிக்கு ஆள் வேணும்."

வந்தார்கள். விற்பனை மேலாளர் ஒருவர், பிறகு வக்கீல் ஒருவர், பிறகு வக்கீலுக்கு மேலே ஒருவர். எல்லோரும் நல்ல வளர்ப்பு. கொட்டகைக்குள் தொப்பியைக் கழற்றி, தொட்டியை எட்டிப் பார்க்க விளிம்பில் கையும் வைக்கிறவர்கள். பீர் இப்போதெல்லாம் துணியைத் தூக்குவதில்லை, மூடிப் பலகையையே தூக்குகிறது. பிர்ஜெய் கடைக்காரர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டு, மரியாதையான தூரத்தில் நின்று வாங்கிப் போகிறார். தன் புட்டிகளுக்கு யாத்விகாவும் ஒரு சீட்டு அச்சடித்திருக்கிறாள். தாடி இல்லை, கோப்பை இல்லை. அகலத் திறந்த ஒரு வாய் மட்டும். கொட்டகைக் கூரையின் மீதி ஓட்டை ஸெனோனஸ் போட்டுக்கொடுத்தான், காய்ந்த நாள் பார்த்து. அவள் கீழே நின்று அவனை இறங்கும்வரை திட்டிக்கொண்டே இருந்தாள்.

கம்பெனியிலிருந்து யாரும் வராத மாதங்களில் ஊரார் முறைவைத்து நிற்கிறோம். பத்திரிகையில் அவளைப் பற்றி இதற்குமுன் ஒருமுறை எழுதியதற்காக என்னையும் நிற்கச் சொன்னாள். நின்றேன். அன்று நான் உள்ளே இருந்தேன். ஆகவே அவள் என்ன சொன்னாள் என்று எழுத முடியாது. அந்தத் தொட்டியும் நன்றாக எழும்பியது என்பதை மட்டும் எழுதலாம்.